துள்ளலும் தூண்டிலும்: களிப்புக்கும் ஆசை காட்டுதலுக்குமான ஆங்கிலச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒத்த பொருள் சொல், எதிர்ப்பதம் என்று வந்துவிட்டால் இரண்டு கூட்டத்துச் சொற்கள் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகின்றன. ஆடிப்பாடிக் களிப்பதைச் சொல்லும் ஃப்ராலிக், கேம்பல், கேப்பர், ரெவல், கரௌஸ் ஒரு கூட்டம். ஆளை நயந்தோ ஆசை காட்டியோ வழிக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் கோக்ஸ், கஜோல், வீடில், என்டைஸ், லூர், டெம்ப்ட், இன்வேகிள் இன்னொரு கூட்டம். கையடக்க அகராதியைப் புரட்டினால் முதல் கூட்டம் மொத்தத்துக்கும் ‘குதித்து விளையாடு’, இரண்டாவது மொத்தத்துக்கும் ‘ஆசை காட்டி இணங்கச் செய்’ என்றுதான் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகாதீர்கள். இந்தச் சொற்கள் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி, வல்லூறு, வாத்து, தீக்கொள்ளி என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்றிலிருந்து பிறந்தவை. அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது தானாகப் பிடிபடும். வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃப்ராலிக், கேம்பல் இரண்டும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்று மனசைப் பற்றியது, மற்றது காலைப் பற்றியது.

இத்தாலிய மொழியில் காம்பா என்றால் கால். கால்களுக்கு நடுவே இடுக்கி வாசிக்கும் பழைய நரம்புக் கருவிக்கு வியோலா ட காம்பா என்று பெயர் வந்ததும் இதனால்தான். அந்தக் காலிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது கேம்பல். பால் குடித்து முடித்த கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல் முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றி வருமே, அதுதான் கேம்பல். காலில் துள்ளல் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போடக்கூடாது.

ஃப்ராலிக் டச்சு மொழிச் சொல். அங்கே அதற்கு ‘மகிழ்ச்சியான’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பெயரடையாகத்தான் வந்தது, வினையானது பிறகு. ஆகவே மெரினாவில் அலையோடு விளையாடும் பிள்ளைகள் ஓடினாலும் உருண்டாலும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தாலும் எல்லாமே ஃப்ராலிக்தான்.

ஃப்ராலிக் என்பதோடு ‘இங்’ சேர்க்கும்போது நடுவில் ஒரு ‘கே’ எழுத்து ஏன் வருகிறது?

‘சி’ எழுத்துக்குப் பின் ‘ஐ’ அல்லது ‘இ’ வந்தால் ‘ஸ’ ஒலி வந்துவிடும். ‘ஃப்ராலிசிங்’ என்று யாரும் வாசித்துவிடாமல் இருக்க ‘கே’யைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். பிக்னிக், பானிக், மிமிக், டிராஃபிக் எல்லாவற்றுக்கும் இதே விதி. எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இது அடிக்கடி தலைகாட்டும்.

கேம்பல் என்பதற்கும் சூதாட்டத்தைக் குறிக்கும் கேம்பிளுக்கும் உறவு உண்டா?

இல்லை. உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும், அதனால்தான் குழப்பம். சூதாட்டச் சொல் ‘கேம்’ என்பதன் உறவு. ‘ஆட்டுக்குட்டிகள் வயலில் சூதாடின’ என்று பொருள்படும்படி எழுதிய விடைத்தாள்களை நானே திருத்தியிருக்கிறேன்.

பீட்சாவின் மேல் போடுவதும் கேப்பர், குதிப்பதும் கேப்பரா?

இரண்டும் வேறு வேறு. பீட்சாவில் போடுவது ஒரு செடியின் ஊறவைத்த மொட்டு. அதன் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. குதிக்கிற கேப்பர் ஆட்டிலிருந்து வந்தது. லத்தீனில் கேப்பர் என்றாலே ஆடு. அதன் வழியில் இத்தாலியர்கள் ஆட்டுத் துள்ளலுக்குக் காப்ரியோலா என்றார்கள். ஆங்கிலத்தில் அது கேப்பர் என்று சுருங்கியது. மேலைநாட்டார் மகர ராசியைக் கேப்ரிகார்ன் என்று அழைப்பதிலும் இதே ஆடுதான் இருக்கிறது. அவர்கள் படத்தில் அது மீன்வால் முளைத்த ஆடு. நமக்கு மகரம் என்றால் நீர்வாழ் உயிர்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் இன்னொரு கிளை. பிரான்சில் ஒற்றைக் குதிரை பூட்டிய இலேசான இரட்டைச் சக்கர வண்டி ஒன்று இருந்தது. பள்ளம் மேட்டில் ஆட்டுக்குட்டி போலத் துள்ளித் துள்ளிப் போகும் என்பதால் கேப்ரியோலே என்று பெயர் வைத்தார்கள். லண்டன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அதைக் ‘கேப்’ என்று நறுக்கிவிட்டார்கள். இன்று கைபேசியில் நாம் ‘புக்’ பண்ணுவது அந்தக் கேப்தான். சாலை மோசமாக இருக்கும் நாளில் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும்.

ரெவல் என்றால் கொண்டாடு, ரெபெல் என்றால் கலகம் செய். ஓசை ஒத்துப்போவது தற்செயலா?

தற்செயல் இல்லை. இரண்டுக்கும் தாய் ஒன்றே, லத்தீன் ரெபெல்லாரே, ‘எதிர்த்துப் போரிடு’. அது பழைய பிரெஞ்சில் ‘அடங்காமல் ஆரவாரம் செய்’ என்று மாறி ரெவல் ஆயிற்று.

இதைப் புரியவைக்கத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: கொட்டம். வாத்தியார் வராத வகுப்பில் பிள்ளைகள் ‘கொட்டமடிக்கிறார்கள்’. ஊரை மிரட்டித் திரிபவனின் ‘கொட்டத்தை அடக்குகிறார்கள்’. முன்னது ரெவல், பின்னது ரெபெல். அமைதியாக அமர்ந்து மகிழ்வதற்கு ரெவல் பொருந்தாது. கொஞ்சமாவது சத்தமும் கட்டுமீறலும் வேண்டும்.

கரௌஸ்?

குடித்துக் களிப்பது மட்டுமே. ஜெர்மன் மொழியில் கார் அவுஸ் என்றால் ‘முழுக்கக் காலி’, அதாவது கோப்பையைக் கவிழ்த்துவிடு என்று அர்த்தம். குழந்தையின் பிறந்தநாள் விருந்தை வர்ணிக்க இதைப் பயன்படுத்தினால் விபரீதமாகிவிடும்.

தமிழும் களிப்பையும் கள்ளையும் அருகருகே வைத்திருக்கிறது. பழந்தமிழில் களித்தல், மகிழ்தல் இரண்டுக்குமே குடிமயக்கம் என்ற பொருள் உண்டு. நினைத்தாலே களிப்பதும் பார்த்தாலே மகிழ்வதும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கே உண்டு என்று 1281ஆம் குறள் சொல்லும்போது அந்த இரண்டு பொருளையும் சேர்த்துத்தான் ஆள்கிறது. இன்றைய தமிழில் மகிழ்ச்சி முற்றிலும் தெளிந்துவிட்டது. கரௌஸ் இன்னும் தெளியவில்லை.

ஜாலி, ஜோவியல், ஜாகண்ட் மூன்றும் ஒரே குடும்பமா?

பார்க்க அப்படித் தெரியும், ஆனால் மூன்றும் வேறு வேறு வேர்கள். ஜாலி நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது, விளக்கம் தேவையில்லை. ஜாகண்ட் என்றால் களிப்பு மிகுந்த; கவிதைச் சொல். வேர்ட்ஸ்வொர்த் 1807இல் வெளியிட்ட டாஃபடில் மலர்க் கவிதையில், அந்தப் பூக்களின் கூட்டத்தை ஜாகண்ட் என்றும், அதைப் பார்த்த கவிஞனின் மனநிலையை ‘கே’ என்றும் சொல்கிறார். அன்றைக்குக் ‘கே’ என்றால் உல்லாசமான என்றுதான் பொருள். பழைய பாடத்தை வாசிக்கும்போது தன்பாலின ஈர்ப்பு என்ற இன்றைய பொருளை அங்கே ஏற்றிவிடக்கூடாது.

ஜோவியல் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஜோவ் என்பது ஜூபிடர், அதாவது வியாழன். வியாழனின் ஆதிக்கத்தில் பிறந்தவர் சிரித்த முகமும் தாராள மனமும் உடையவர் என்பது மேலைநாட்டுச் சோதிட நம்பிக்கை. குரு பார்வை என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது, இல்லையா? இதே கணக்கில் சனிக்கிரகத்திலிருந்து வந்த சாட்டர்னைன் என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பவர். ஜோவியலுக்கு எதிர்ப்பதம் கேட்டால் அதை எழுதலாம்.

ஃப்ரிஸ்க் என்றால் துள்ளுவதா, போலீஸ் சோதனை போடுவதா?

இரண்டும். முதலில் துள்ளல்தான், உடம்பைத் தட்டித் தடவிச் சோதிப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. விமான நிலைய அறிவிப்பில் இரண்டாவது.

டீஸ் என்பதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? ஈவ் டீசிங் என்கிறார்களே?

டீஸ் பழைய ஆங்கிலத்தில் கம்பளி மயிரைப் பிய்த்துப் பிரித்தெடுப்பது. பஞ்சைப் பிய்ப்பதுபோல ஒருவரைச் சிறுகச் சிறுகச் சீண்டுவது என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. அண்ணன் தங்கச்சியைக் கேலி செய்வது டீஸ். அவளும் சேர்ந்து சிரிக்கும் வரை அது விளையாட்டு.

ஈவ் டீசிங் என்ற தொடரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தத் துணைக்கண்டத்து ஆங்கிலத்தில் உருவான தொடர் அது. பேருந்திலும் தெருவிலும் பெண்கள்மீது நடக்கும் குற்றத்துக்கு விளையாட்டுச் சொல்லைச் சூட்டி, அதைச் சில்லறைக் குறும்பாகக் காட்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1998இல் வந்த சட்டத்தின் தலைப்பிலேயே இந்தத் தொடர்தான் இருந்தது. பின்னர் திருத்தம் கொண்டுவந்து, அதை எடுத்துவிட்டு ‘ஹராஸ்மென்ட்’ என்று மாற்றினார்கள். சட்டமே மாற்றிக்கொண்ட சொல்லைக் கட்டுரையில் நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஹராஸ்மென்ட் என்றே எழுதுங்கள்.

கோக்ஸ், கஜோல், வீடில்: இந்த மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டா?

உண்டு, நாம் தினமும் பேசுகிறோம்.

சாப்பிட மறுக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, ‘இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு’ என்று ஊட்டுவது கோக்ஸ். பொறுமையும் மென்மையும் இருக்க வேண்டும், அவசரம் கூடாது. மனிதர்களிடம் மட்டும் இல்லை, பழைய மோட்டாரைத் தட்டிக் கொட்டி ஓட வைப்பதும் கோக்ஸ்தான். ‘தாஜா பண்ணி ஸ்டார்ட் பண்ணிட்டேன்’ என்கிறோமே, அதேதான். வேரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கோக்ஸ் என்றால் ஏமாளி. ஒருவரை ஏமாளியாக்குவதில் தொடங்கி, செல்லம் கொஞ்சுவதாக மாறி, இன்று வஞ்சகமே இல்லாத சொல்லாகிவிட்டது.

கஜோலில் பேச்சு அதிகம். புகழ்ச்சி, வாக்குறுதி, நச்சரிப்பு எல்லாம் கலந்து, எதிராளி ‘சரி, விடு’ என்று சொல்லும்வரை பேசிக்கொண்டே இருப்பது. கல்யாண வேலைக்கு வர மறுக்கும் சித்தப்பாவை வீட்டார் எல்லோரும் மாறி மாறிப் பேசிக் கரைப்பது அது.

வீடிலுக்கு நைச்சியம் என்ற சொல் கச்சிதம். ‘அப்பத்தா, உங்க மீன் குழம்பு மாதிரி இந்த ஊர்ல யாருக்கு வரும்?’ என்று பேரன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். ‘எவ்வளவுடா வேணும்?’ என்று அப்பத்தா சுருக்குப்பையை எடுக்கிறார். வீடிலுக்கு முடிவில் ஏதாவது கறக்க வேண்டும். அதனால்தான் அதன் பின்னால் பெரும்பாலும் ‘அவுட் ஆஃப்’ வரும். கோக்ஸுக்கும் கஜோலுக்கும் ‘இன்டு’ வரும், ஒரு காரியத்துக்குள் ஆளைத் தள்ளுவதால்.

கேபிள் டிவிக்காரர் சொல்லும் கோ-ஆக்ஸ் கேபிளும் இதுதானா?

எழுத்து ஒன்று, சொல் வேறு. நடுக்கம்பிக்கும் சுற்றிலும் உள்ள உறைக்கும் ஒரே அச்சு என்பதால் கோ-ஆக்ஸியல். அதன் சுருக்கம் அது.

ஐஸ் வைப்பது, காக்கா பிடிப்பது?

அது ஃப்ளாட்டர். கேட்பதற்கு உடனே ஒன்றும் இல்லாவிட்டாலும் பின்னால் உதவும் என்று புகழ்ந்து வைப்பது. வீடில் இன்றைக்கே கேட்டுவிடும்.

டெம்ப்ட், என்டைஸ், லூர் மூன்றும் தேர்வில் ஒரே கேள்வியின் விடைகளாக வருகின்றன. எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் தமிழே விடையை வைத்திருக்கிறது.

டெம்ப்ட்டின் லத்தீன் வேருக்குச் ‘சோதித்துப் பார்’ என்று பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்தில் ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது டெம்ப்டேஷன். வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்தவனுக்குத் தமிழ் வேதாகமம் வைத்த பெயரும் சோதனைக்காரன். அந்த மொழிபெயர்ப்பு வேரைத் தொட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளியின் முன்னால் ஜாங்கிரித் தட்டு இருப்பது டெம்ப்டேஷன். யாரும் அவரை அழைக்கவில்லை, தட்டு சும்மாதான் இருக்கிறது. போராட்டம் அவருக்குள்ளே நடக்கிறது. உள்ளே போராட்டம் இருந்தால் டெம்ப்ட்.

என்டைஸின் வேரில் எரியும் கொள்ளிக்கட்டை இருக்கிறது. அணைந்து கிடப்பதைப் பற்ற வைப்பது. தமிழில் தூண்டு. விளக்குத் திரியைத் தூண்டுவதற்கு வைத்திருந்த குச்சியே தூண்டுகோல். இல்லாத ஆசையைக் கிளப்பிவிடுவது, அல்லது மங்கிக் கிடந்ததைப் பெரிதாக்குவது என்டைஸ். ஆடித் தள்ளுபடி பலகை செய்கிற வேலை அது. கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று அதற்குப் பொருளில்லை.

லூர் வேட்டைச் சொல். பழக்கிய வல்லூறு வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போது, இறகுகளைக் கொத்தாகக் கட்டி, அதில் கொஞ்சம் இறைச்சியும் வைத்து, நீளக் கயிற்றில் சுழற்றுவார்கள். பறவை என்று நினைத்து வல்லூறு இறங்கிவரும். அந்தக் கொத்தின் பெயர்தான் லூர். மீன் பிடிப்பவர்களிடமும் இது உண்டு: புழுவைக் கோர்த்தால் அது பெய்ட், மினுமினுக்கும் பொய்மீனைக் கட்டினால் லூர். திருக்குறளில் சூதில் கிடைக்கும் வெற்றியைத் ‘தூண்டிற்பொன்னை மீன் விழுங்கியது போல’ என்கிறது 931ஆம் குறள். அந்தப் பொன் தங்கம் இல்லை, இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பு என்றே பரிமேலழகர் பொருள் சொல்கிறார். முள் மறைந்திருந்தால் லூர். வெளிநாட்டு வேலை என்று கூட்டிப்போய் மோசடி செய்தார்கள் என்ற செய்திக்கு இந்தச் சொல்தான் பொருந்தும், டெம்ப்ட் பொருந்தாது.

தூண்டும் தூண்டிலும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் என்டைஸும் லூரும் எங்கோ எங்கோ பிறந்தவை.

நாளிதழ்களில் வரும் ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்’ என்பதற்கு எந்தச் சொல்?

சட்டத்தின் சொல் என்டைஸ். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு, சிறாரைப் பாதுகாவலரிடமிருந்து ‘அழைத்துச் செல்வது’, ‘ஆசை காட்டிக் கூட்டிச் செல்வது’ என்ற இரண்டையும் குறித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவிலும் அதே இரண்டு வினைகள் தொடர்கின்றன. மதராஸ் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில், தானாக விரும்பி வந்த பெண்ணைக் கூட வர அனுமதிப்பது வேறு, அழைத்துச் செல்வது வேறு என்று உச்ச நீதிமன்றம் 1964இல் பிரித்துக் காட்டியது. சொல் நுணுக்கம் ஒருவரைச் சிறையிலிருந்து காப்பாற்றிய இடம் அது. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு அகராதி வேலையை யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

டீகாய் என்றால்?

டச்சு மொழியில் கோய் என்றால் கூண்டு. குளத்திலிருந்து கிளை பிரியும் வாய்க்கால்களுக்கு மேல் வலைக்கூடு கட்டி, பழக்கிய வாத்துகளை மிதக்கவிட்டு, காட்டு வாத்துகளை உள்ளே வரவழைப்பார்கள். அந்த அமைப்பின் பெயர் பின்னர் பழக்கிய வாத்துக்கே ஆகி, அதன்பின் ஆளைச் சிக்கவைக்க முன்னிறுத்தும் எவருக்கும் எதற்கும் ஆயிற்று.

தமிழில் இதற்குப் பார்வை என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டைக்குடிகளான எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மானைக் கட்டிக் கட்டி அடிமரமே தேய்ந்திருக்கும். இந்தப் பொருள் நம் பேச்சிலிருந்து போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. மீட்டெடுக்க வேண்டிய சொல்.

இன்வேகிள்?

பிரெஞ்சில் ‘குருடாக்கு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கண்ணைக் கட்டிக் கூட்டிப்போவது. நல்ல அர்த்தத்தில் வரவே வராது.

டான்டலைஸ்?

கிரேக்கக் கதையில் டான்டலஸ் என்ற மன்னன் பாதாளத்தில் தண்ணீரில் நிற்கிறான். குனிந்தால் தண்ணீர் வடிந்துவிடும், கை நீட்டினால் பழக்கிளை மேலே போய்விடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலை. டெம்ப்ட் ஆனவருக்கு அது கிடைத்தும் விடலாம், டான்டலைஸ் ஆனவருக்குக் கிடைக்காது.

இந்த இரண்டு கூட்டங்களும் எங்காவது சந்திக்கின்றனவா?

லத்தீனில் லூடெரே என்றால் விளையாடு. அதிலிருந்து பிறந்தவைதான் டிலூட், இல்யூஷன், கொல்யூஷன்: ஏமாற்று, மாயத்தோற்றம், கூட்டுச் சதி. விளையாட்டிலிருந்து வஞ்சகத்துக்கு எவ்வளவு சுருக்கமான வழி! ‘எங்கிட்டயே விளையாடுறியா?’ என்று தமிழில் சண்டைக்கு நிற்பவரும் அதே வழியில்தான் நடக்கிறார்.

பிகைல் என்ற சொல் இரண்டு கூட்டத்திலும் கால் வைத்திருக்கிறது. அதன் உள்ளே இருப்பது கைல், வஞ்சகம். ஆனால் பாட்டி கதை சொல்லி மழைநாள் மாலையைக் கழிப்பதும் பிகைல்தான். அங்கே ஏமாறுவது பொழுது; நம் பொழுதுபோக்கும் அதைத்தான் செய்கிறது.

ஒருவரை அலூரிங், சார்மிங், கிளாமரஸ் என்று பாராட்டலாமா?

அலூரிங்கில் லூர் இருக்கிறது, உடல் ஈர்ப்பின் சாயலும் உண்டு. நகை விளம்பரத்துக்குச் சரி. ஆசிரியையையோ உடன் பணிபுரிபவரையோ அப்படிச் சொல்ல வேண்டாம். சார்மிங் பத்திரமானது. அதன் வேர் லத்தீனில் ‘பாட்டு, மந்திரம்’; வசியம் வைத்ததெல்லாம் பழங்கதை, இன்று இனிமையானவர் என்றே பொருள். கிளாமரைத் தமிழ் சினிமாப் பேச்சு உடையின் அளவாகச் சுருக்கிவிட்டது. ஆங்கிலத்தில் அது கவர்ச்சியும் பளபளப்பும் கலந்த ஒரு மாயம். உண்மையில் அது ‘கிராமர்’ என்ற சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் திரித்துச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் மந்திரமும் தெரிந்தவன் என்று மற்றவர்கள் நம்பிய காலத்தில், இலக்கணம் என்ற சொல்லே மாயவித்தைக்கும் பெயராக இருந்தது.